புதுப்பிப்பு: குளோரின் பூஜ்யம் காட்டிய நீச்சல் குளம்
எவ்வளவு குளோரின் போட்டாலும் சோதனைக் குழாயில் நிறமே வரவில்லை, இன்னும் கொட்டலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? நல்லவேளை, கொட்டவில்லை. குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி சோதனை மாத்திரை கரையும் கணத்தை உற்றுப் பார்க்கச் சொன்னார் ஒருவர். பார்த்தேன்: இளஞ்சிவப்பு மின்னி, உடனே மறைந்தது. குளோரின் மிதமிஞ்சினால் சாயத்தையே வெளுத்துவிடுமாம்!

ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்தால் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு). ஐந்தால் பெருக்கினால் 15. அந்த நிலையில் பிஎச் (அமில-காரத் தன்மை) சோதனையையும் நம்ப முடியாது. அதற்கான சாயமான ஃபீனால் ரெட் ஊதாவாகத் திரிந்துவிடும்.

மூடுதுணியை விலக்கினேன், மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. இப்போது குளோரின் 3, பிஎச் 7.4. பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். ‘இன்னும் ஒரு கிலோ போடுங்கள்’ என்ற அன்பர்களுக்குத் தனி வணக்கம்.