லூசி ஆஷ்டன்: துடுப்புச் சக்கரத்திலிருந்து ஜெட் வரை

லூசி ஆஷ்டன் ஸ்காட்லாந்தில் ஒரு ரயில் கம்பெனிக்காக ஓடிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். ரயில் கம்பெனிக்குக் கப்பல் எதற்கு? கிளாஸ்கோவிலிருந்து வந்த நார்த் பிரிட்டிஷ் கம்பெனியின் ரயில், கரையோர ஊரான ஹெலன்ஸ்பரோவுக்குள்ளேயே நின்றுவிடும். அங்கிருந்து கப்பல் துறைவரை பயணிகள் மூட்டை முடிச்சோடு நடக்க வேண்டும். தண்டவாளத்தைத் துறைவரை நீட்ட ஊரார் விடவில்லை. அதனால் 1882-இல் ஊருக்குக் கிழக்கே க்ரெய்கெண்டோரனில் ரயிலும் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி புதுத்துறை கட்டினார்கள். கப்பல் ஓட்டும் சட்ட அதிகாரம் ரயில்வேக்கு 1902 வரை இல்லை. துணைக் கம்பெனியின் பெயரில்தான் ஓட்டினார்கள். லூசி ஆஷ்டன் அதற்காக 1888-இல் ரதர்க்ளென்னில் கட்டப்பட்டது. 190 அடி நீளம், 21 அடி அகலம், ஒல்லிக்குச்சி உடம்பு.

—

எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் இருந்தது ஒரே சிலிண்டர், சாய்வாகப் படுத்த வகை. விலை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் கப்பல் முன்னும் பின்னுமாகக் குலுங்கும். அதைவிடத் தொல்லை, சக்கரத்தைச் சுழற்றும் கிராங்க்கும் பிஸ்டன் தண்டும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றுவிட்டால் எவ்வளவு நீராவி விட்டாலும் சக்கரம் அசையாது. துறைக்குத் துறை நின்று கிளம்பும் கப்பலுக்கு இது பெரிய ஆபத்து. 1902-இல் இரண்டு சிலிண்டர் காம்பவுண்ட் எஞ்சினுக்கு மாற்றினார்கள். ஒரு கிராங்க் முட்டி நின்றாலும் இன்னொன்று தள்ளிவிடும். பெரிய சிலிண்டரில் நீராவி இரண்டாம் முறையும் வேலை செய்வதால் நிலக்கரியும் மிச்சம். பிறகு வந்த பெரிய கப்பல்கள் பலவற்றின் ஆயுள் இதற்கு முன்பே முடிந்தது. இது 1949 வரை ஓடியது.

—

முக்கியமான கட்டம் அதற்குப் பிறகுதான். எஞ்சின், பாய்லர், சக்கரங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மேலே நான்கு ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சின்களைப் பூட்டி, 1950-இல் ஆய்வுக்காக கேர்லாக் நீர்ப்பரப்பில் ஓட்டினார்கள். வேகத்துக்காக அல்ல. உடற்பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் தடையை மட்டும் தனியாக அளக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் சுழன்றால் அதுவே நீரோட்டத்தைக் கலைத்துவிடும். இழுத்துச் சென்றால் முன்னால் போகும் கப்பலின் அலை குறுக்கிடும். 1871-இல் கிரேஹவுண்ட் கப்பலை இழுத்து அளந்த ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட், அதைத் தவிர்க்கவே இழுக்கும் கப்பலிலிருந்து நீளமான கழி ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டி அதிலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. ஜெட்டின் தள்ளுவிசை காற்றில் பிறப்பதால் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது ஜெட் எஞ்சின்களைப் பூட்டிய தாங்கியில் அளக்கும் விசைதான் தடை.

உடற்பகுதியின் தகட்டு ஓரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை, அவற்றைப் பூசிச் சமனாக்கியபின் ஒரு முறை அளந்தார்கள். பெயின்ட்டையும் மாற்றிப் பார்த்தார்கள். நங்கூரத்தில் சும்மா கிடந்த நாட்களில் அடியில் படிந்த பாசிகூடத் தடையைக் கூட்டியது அளவில் தெரிந்தது.