பக்தியில் வளர்ந்த பிள்ளைகள்: அதனால் நடத்தை மாறுகிறதா? நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன?

பின்வரிசைக்காரன்:

தேர்வு அறை மேற்பார்வை. அது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண், பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பக்தியான குடும்பம் என்று பள்ளி முழுக்கத் தெரியும். காலை வழிபாட்டில் முதல் குரல் அவளுடையதுதான். வினாத்தாளை வாங்கியதும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். சரி, நல்லதுதான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், கைக்குட்டைக்குள் ஒரு துண்டுத்தாள். ஒரு வரி பார்த்து எழுதினாள். பேனாவைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. மறுபடி பேனாவை எடுத்தாள், அடுத்த வரி. மறுபடி கண்மூடல். வரிக்கு ஒரு மன்னிப்பு! பயந்து பயந்து காப்பியடிக்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. இவள் முகத்தில் பயமே இல்லை. கடன் ஏற ஏற அவ்வப்போது அடைத்துக்கொண்டு போகிறவரின் நிதானம். நான் பக்கத்தில் போய் நின்றதும் துண்டுத்தாளைத் தானாகவே நீட்டினாள்.

"சாமியிடம் சொல்லிவிட்டேன் சார்" என்றாள்.

விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன், அது வேறு கதை. அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஈரமணல்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. எங்கள் வீட்டில் கடவுள் பேச்சே கிடையாது, கணவருக்கும் எனக்கும் நம்பிக்கை இல்லை. மாமனார் இறந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் என் மகன் தலையைத் தடவிவிட்டுப் பெரியவர்களிடம் பேசப் போய்விட்டார்கள். பிள்ளை சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் வந்தான், ஏழு வயது. தினமும் காலையும் மாலையும் பிரார்த்தனை நடக்கிற வீட்டுப் பிள்ளை. யாரையும் பார்க்காமல் நேரே போய் என் மகன் அருகில் உட்கார்ந்து, கையிலிருந்த பந்தை அவன் மடியில் வைத்தான். "உன் தாத்தாவுக்காக நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பந்து உன்னிடமே இருக்கட்டும்." வேறு எதுவும் பேசவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தான். அவன் அம்மாவுக்கே இது நான் சொல்லித்தான் தெரியும்.

அன்று இரவு மகன் என்னிடம் கேட்டான்: "அம்மா, நாம் யாரிடம் வேண்டிக்கொள்வது?"

என் நம்பிக்கையின்மை மாறவில்லை, மாறப்போவதும் இல்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று அந்தப் பையனுக்குக் கைவந்திருந்தது. கடவுளை விட்டுவிட்டு அதை மட்டும் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தர்க்கப்பிரியன்:

ஈரமணல், ஒரு பந்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2015-இல் டெசெட்டி என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆறு நாடுகளில் 5 முதல் 12 வயது வரையிலான 1,170 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர்களைக் கொடுத்து, கிடைக்காத வேறு பிள்ளைகளுக்கு எத்தனை விட்டுத்தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் குறைவாகக் கொடுத்தார்கள். பிறர் தவறு செய்தால் தண்டனை கடுமையாக வேண்டும் என்று சொன்னவர்களும் அவர்களே.

என் அனுபவமும் அதுதான். ஒரு விடுமுறை முகாமில் விளையாட்டுச் சாமான் பங்கிட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு சிறுமி, பின்னால் நின்றவனைக் காட்டி, "இவன் கும்பிடவே மாட்டான், இவனுக்குக் கடைசியில் கொடுங்கள்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. ஏதோ எனக்கு உதவி செய்வதாக நினைத்துச் சொன்னாள்! அந்த முகம் மறக்கவில்லை.

எண்ணும் எழுத்தும்:

தர்க்கப்பிரியன், அந்த ஆய்வுக் கட்டுரை 2019-இலேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. இதைச் சொல்லாமல் அதை எடுத்துக் காட்டுவது நியாயமில்லை. காரணமும் சாதாரணமானதல்ல. நாடுகளை அடையாளம் காட்ட 1, 2, 3 என்று எண் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போடும்போது அவற்றை வெறும் அடையாளமாக வைக்காமல் அளவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதாவது 4 என்ற எண் கொண்ட நாடு, 2 என்ற எண் கொண்ட நாட்டைப் போல இரண்டு மடங்கு ஏதோ ஒன்று! அசீம் ஷரீஃப் என்ற உளவியலாளர் தரவை வாங்கிச் சரிபார்த்தபோது இது வெளிப்பட்டது. திருத்திப் போட்ட கணக்கில், எந்த மதம் என்பதைவிட எந்த நாடு என்பதுதான் பெரிய காரணமாக நின்றது. செய்தி வெளியான வேகத்தில் பாதிகூட மறுப்புக்கு இருக்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆய்வுதான் வேண்டும் என்றால் பழையதைப் பாருங்கள். ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1928 முதல் 1930 வரை வெளியிட்டது. ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் பிள்ளைகள். பரீட்சையில், விளையாட்டில், வீட்டுப் பாடத்தில், காசு விஷயத்தில் என்று விதவிதமாக ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது. 'நேர்மையான பிள்ளை', 'நேர்மையற்ற பிள்ளை' என்று இரண்டு கூடைகள் அங்கே கிடைக்கவில்லை. சூழ்நிலைதான் பெரும்பங்கு வகித்தது. பின்வரிசைக்காரன் பார்த்த பெண் தேர்வு அறைக்கு வெளியே எதைத் தொட்டாலும் கேட்டுத் தொடுகிறவளாக இருக்கலாம். நமக்கு எப்படித் தெரியும்?

என் கதையா? என் அண்ணன் மகன் கும்பிடாதவன், அண்ணியின் தங்கை மகள் கும்பிடுகிறவள். இருவரும் என் பேனாவை எடுத்துக்கொண்டு போனார்கள், இருவருமே திருப்பித் தரவில்லை. அவ்வளவுதான்.

தர்க்கப்பிரியன்:

திரும்பப் பெற்ற அறிவிப்பை முழுக்கப் படித்தீர்களா? வீட்டில் மதப்பற்று கூடக் கூடப் பிள்ளைகள் பகிர்வது குறைகிறது என்ற முடிவு, திருத்திய பிறகும் நிற்கிறது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் பாதியைத்தான் சொல்கிறீர்கள்.

நெடுந்தூரம்:

உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சமய வகுப்புகளில் வளர்ந்தவள். நல்ல பிள்ளை என்ற பெயர் எடுத்தவள். எப்படி எடுத்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒன்பது வயதில் ஒரு பொய் சொன்னேன். உடைந்த கண்ணாடிக் குவளையைப் பற்றி, தங்கைதான் உடைத்தாள் என்று. பொய் சொன்னால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தீங்கு வரும் என்று அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்று மாலையே அப்பாவுக்கு விபத்து. மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். எல்லோரும் உள்ளே போக, நான் வார்டு வாசலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் உள்ளே போனால் அப்பா இறந்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அத்தை விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்பாவைப் பார்க்கக்கூட மனமில்லையா, எப்படிப்பட்ட பிள்ளை இது?" என்று யாரோ சொன்னார்கள். அதையும் நான் தண்டனையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு பல வருடங்கள் நான் பொய்யே சொல்லவில்லை. பார்த்தீர்களா, சமயக் கல்வி பலன் தந்துவிட்டது! நடத்தை மாறுகிறதா என்று கேட்கிறீர்கள். மாறும். நன்றாகவே மாறும்.

பேரப்பிள்ளைத் தாத்தா:

மகளே, படித்துக் கண் கலங்கிவிட்டது. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள். உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் முறை தெரியாதவர்கள். பிள்ளைக்குக் கடவுளை முதலில் அன்பாக அறிமுகப்படுத்த வேண்டும். கடவுளை வைத்து மிரட்டவே கூடாது. சாப்பிடாவிட்டால், தூங்காவிட்டால், படிக்காவிட்டால் என்று எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட்டால் பெற்றோருக்கு என்ன வேலை? அடுத்தது, பிரார்த்தனை சுருக்கமாக இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையை நெடுநேரம் உட்கார வைத்தால் அது கடவுளை வெறுக்கும், உங்களையும் சேர்த்து வெறுக்கும். கேள்வி கேட்டால் அடக்காதீர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மற்ற மதத்தவரைப் பற்றி வீட்டில் இளக்காரமாகப் பேசாதீர்கள், பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். முகாமில் அந்தச் சிறுமி சொன்னதும் அவள் வீட்டுக் கூடத்தில் கேட்டதாகத்தான் இருக்கும். நம்பிக்கையில்லாத சகோதரி ஈரமணலும் மகனுக்கு தினமும் ஒரு நிமிட மௌனமாவது பழக்கலாம், மனம் அடங்கும். பதின்ம வயதில் பிள்ளை வர மறுத்தால் இழுக்காதீர்கள், தானே திரும்பி வரும். முக்கியமாக, காலையில் சீக்கிரம் எழுப்புங்கள்.

என் பேத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பிரார்த்தனை முடிந்த மறுநொடி தம்பியைக் கிள்ளுவாள். முன்னால் ஒருநாளும் கிள்ளமாட்டாள். ஏனம்மா என்று கேட்டேன். "இப்போது கிள்ளினால் சாமியிடம் சொல்ல நாளை இரவு வரை நேரம் இருக்கிறது, தாத்தா" என்றாள். என்ன ஞானம்! முறையாகப் பழக்கினால் பிள்ளைகள் தானாகவே நல்வழிக்கு வந்துவிடும்.

நெடுந்தூரம்:

ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

பின்வரிசைக்காரன்:

தாத்தா, உங்கள் பேத்தியை என் தேர்வு அறைக்கு அனுப்பாதீர்கள்.

நடுச்சுவர்:

நம்புகிற வீடு, நம்பாத வீடு என்று எல்லோரும் இரண்டாகவே பிரித்துப் பேசுகிறீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. என் அண்ணன் தீவிர பக்தர், அண்ணி நாத்திகர். கல்யாணத்தின்போது அது அழகாகத்தான் இருந்தது. பிள்ளை பிறந்ததும் போர்க்களம். இன்று வகுப்புக்குப் போகிறானா இல்லையா என்பதில் தொடங்கி, கதவு அறைவதில் முடியும்.

ஒரு நாள் நான் அங்கே இருந்தேன். பையன் அப்பாவோடு கும்பிட்டுக்கொண்டிருந்தான். கைகள் குவிந்திருந்தன, முகம் உருகியிருந்தது. அண்ணி அறைக்குள் வந்ததும் அப்பாவுக்குத் தெரியாதபடி தலையைத் திருப்பி அவளைப் பார்த்து ஒரு இளக்காரச் சிரிப்பு சிரித்தான். திரும்பவும் முகம் உருகியது. இரண்டும் அச்சு அசலாக இருந்தன. ஆறு வயதில் அவ்வளவு கச்சிதமாக நடிக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணியும் பதிலுக்குச் சிரித்தாள், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆய்வு பேசுகிறவர்களுக்காக: பார்ட்கோவ்ஸ்கி குழுவினர் 2008-இல் அமெரிக்கச் சிறுபிள்ளைகளைப் பற்றி எழுதியதில் இதுவும் வருகிறது. பெற்றோர் வழிபாட்டுக்கு ஒழுங்காகப் போகிற வீடுகளில் பிள்ளைகளின் தன்னடக்கம் மேலாக இருந்ததாகப் பெற்றோர் மட்டுமல்ல, ஆசிரியர்களும் மதிப்பிட்டார்கள். அதே ஆய்வில், மதத்தை வைத்துப் பெற்றோர் அடிக்கடி சண்டையிடுகிற வீடுகளில் நிலைமை மோசம். முதல் பாதியை அண்ணன் சொல்வார், இரண்டாம் பாதியை அண்ணி சொல்வாள். சண்டைக்கு அதுவும் உதவுகிறது.

வகுப்பு மணி:

நான் சமய வகுப்பு நடத்துகிறவள். எல்லாவற்றையும் படித்தேன், யாரோடும் வாதிட விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒப்புவித்தல் போட்டி. அந்த வருடத் தலைப்பு இரக்கம். மேடை மாடியில். தாமதமாகிவிட்டது, மேலிருந்து ஒருவர் "வாருங்கள், வாருங்கள், பெயர் வெட்டிவிடுவார்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். படிக்கட்டு நடுவில் ஒரு சிறுவன் தடுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். என் பிள்ளைகள், நானே இரண்டு மாதமாகப் பயிற்சி கொடுத்த பிள்ளைகள், அவனைச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள். ஒருத்தி இரக்கத்தைப் பற்றிய பத்தியை வாய்க்குள் முணுமுணுத்தபடியே அவன் காலைத் தாண்டினாள். மிதித்துவிடாமல் கவனமாகத்தான் தாண்டினாள், அதையும் சொல்ல வேண்டும். நின்றவன் ஒருவன்தான். தங்கையைக் கொண்டுவிட வந்தவன், போட்டியில் பெயர் கொடுக்காதவன், எங்கள் வகுப்புப் பக்கமே வராதவன். தன் தண்ணீர்க் குப்பியைத் திறந்து காயத்தைக் கழுவிவிட்டான்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் டார்லி, பேட்சன் இருவரின் 1973 ஆய்வு கிடைத்தது. பிரின்ஸ்டனில் மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். சிலரிடம் நல்ல சமாரியன் கதையைப் பற்றி, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய அந்நியனைப் பற்றிய பைபிள் கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் தலை தொங்கிக் கிடந்து இருமினார், அவரும் ஏற்பாடுதான். நேரமிருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவரா, வேறு தலைப்பில் பேசப் போனவரா என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. அவர்கள் பெரியவர்கள், வாழ்க்கையையே அதற்குக் கொடுத்தவர்கள். என் பிள்ளைகளுக்குப் பத்து வயது.

தர்க்கப்பிரியன்:

நான் சொல்லி வந்ததும் இதுதானே? வகுப்புக்கு வராத பையன்தான் நின்றான்.

வகுப்பு மணி:

இல்லை, ஐயா. அவனுக்கு மேலே போக அவசரம் இல்லை, அதனால் நின்றான். அவன் பெயரும் பட்டியலில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போட்டி தொடங்குகிற நேரத்தை அரை மணி நேரம் தள்ளி வைக்கலாம், பெயர் வெட்டுவதை நிறுத்தலாம் என்று குழுவில் சொன்னேன். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது, மறுபடி கேட்கப்போகிறேன்.