கிரோன் நோயாளிக்குப் பித்தப்பைக் கல் ஏன் வருகிறது?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி) உள்ள என் தங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிறுகுடலின் கடைப்பகுதியில் அடைப்பு ஏற்பட்டு, அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அண்மையில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் சிறு கற்கள் தெரிந்தன. வலி எதுவும் இல்லை. எண்ணெய்ப் பலகாரம் தின்றதால்தான் வந்தது என்று உறவினர்கள் சொல்ல, அவளும் அதை நம்பி இரவு உணவையே விட்டுவிட்டாள். குடல் நோய்க்கும் இந்தக் கற்களுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: குடல் நோய் மருத்துவர், லாசுப்பேட்டை, புதுச்சேரி

நிச்சயமாக உண்டு. இது அவர் தின்ற பலகாரத்தால் வந்த வினை அன்று என்பதை முதலில் தங்கையிடம் சொல்லுங்கள். குடலுக்குள் வரும் பித்த அமிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது சிறுகுடலின் கடைப்பகுதிதான். அது புண்ணாகியிருந்தாலோ வெட்டப்பட்டிருந்தாலோ பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிந்து வீணாகிறது. கொலஸ்ட்ராலைக் கரைத்து வைத்திருக்கும் வலு பித்தத்துக்குக் குறைகிறது; கரையாத கொலஸ்ட்ரால் கல்லாகப் படிகிறது. அதோடு, வழிந்த அமிலம் பெருங்குடலில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியைக் கரைத்து மறுபடி உறிஞ்சப்படச் செய்வதால், கிரோன் நோயாளிகளிடம் நிறமிக் கற்களும் உருவாகின்றன.

2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று, 30 செ.மீ.க்கு மேல் சிறுகுடல் வெட்டப்படுவது, 15 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் நோய், நோய் பலமுறை திரும்பத் தாக்குவது, அடிக்கடி மருத்துவமனையில் தங்க நேர்வது, வாய்வழி உணவின்றி இரத்தக்குழாய் வழியே முழு ஊட்டமும் பெறுவது ஆகியவற்றை ஆபத்துக் காரணிகளாகக் காட்டியது.

கடைசியாகச் சொன்னதை உங்கள் தங்கை கவனிக்க வேண்டும். உணவு வந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியேற்றும். பட்டினி கிடந்தால் பித்தம் உள்ளேயே தேங்கிக் கெட்டிப்படும். ஆகவே இரவு உணவை விடுவது கல்லுக்கு மருந்தாகாது. ஏற்கெனவே உடல் மெலிந்தவருக்கு அது கேடுதான். வலியில்லாத கற்களுக்குப் பொதுவாக அறுவை தேவைப்படாது. வலது மேல்வயிற்றில் விடாத வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நானும் கிரோன் நோயாளி. பித்தப்பையை எடுத்த பிறகு எனக்கு வயிற்றுப்போக்கு அதிகமாயிற்று. நோய்தான் மீண்டும் கிளம்பிவிட்டதென்று அஞ்சினேன். பித்த அமிலத்தைப் பிணைக்கும் கொலஸ்டிரமின் தூளில் அது கட்டுக்குள் வந்தது. அறுவைக்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வையுங்கள், ஐயா.

கேள்வி: நெல்லிக்குப்பம்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய். இதே ஆபத்து எனக்கும் உண்டா, டாக்டர்?

பதில்: குடல் நோய் மருத்துவர், லாசுப்பேட்டை

உங்கள் நோய் பெருங்குடலோடு நிற்பது. சிறுகுடலின் கடைப்பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அந்த இத்தாலிய ஆய்விலும் இந்நோயாளிகளிடம் ஆபத்து தெளிவாகக் கூடியிருக்கவில்லை. பித்தக்குழாய் அழற்சியும் சேர்ந்திருந்தால் மட்டும் நிலை வேறு. கல்லீரல் பரிசோதனைகளை உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.