கலைச்சொல்: "கழிவுமண்" பொருந்துமா?

> திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டுவதற்குக் "கழிவுமண்" என்று எழுதியிருக்கிறேன். நிலச் சீரமைப்புக் கையேட்டுக்கு இது போதுமா?

போதாது ஐயா. அது கழிவும் இல்லை, மண்ணும் இல்லை. பெரும்பகுதி உடைந்த பாறை. அதை வைத்துத்தான் பிறகு குழியை மூடுகிறோம். "மண்" என்று எழுதினால் மேல்மண்ணையும் அதே லாரியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். அப்படிக் கலந்த மேல்மண்ணைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். வெட்டுமுன் கனிமத்தின்மேல் கிடப்பது "மேற்படிவு". வெட்டிக் கொட்டியபின் "அகழ்பொருள்". பாறை ஒன்றுதான், ஆனால் கணக்கு வேறு. உடைந்த பாறைக்குள் இடைவெளி விழுவதால் 100 கனமீட்டர் மேற்படிவு, கொட்டும்போது 125, 130 என்று உப்பிவிடும். வெட்டுமுன் அளவா, கொட்டியபின் அளவா என்று சொல்லாத கையேட்டை நம்பிக் குழியை நிரப்பினால் மேடு மிஞ்சும்.

வேதியியலும் மாறுகிறது. பூமிக்குள் சும்மா கிடந்த பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்), உடைந்ததும் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகக் கசியும். 1,000 டன் அகழ்பொருளில் பைரைட் கந்தகம் 1% இருந்தால், அமிலத்தை முறிக்க 31.25 டன் கால்சியம் கார்பனேட் வேண்டும். இது கணக்கின்படி வேண்டிய குறைந்த அளவு. கட்டியாகப் போட்ட சுண்ணாம்புக்கல்மேல் இரும்புப் படிவு பூசிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். தூளாக்கிக் கலக்க வேண்டும்.

> "அகழ்" என்றால் அகழாய்வு நினைவு வருமே? இன்னொன்று: இறுகிய நிலத்தை இளக்குவதற்கு "ஆழ உழவு" சரியா?

வரட்டும், இரண்டும் தோண்டுவதுதானே. அகழ்பொருளின் குவியலுக்கு "அகழ்குவை", அதன் சரிவுக்கு "அகழ்சரிவு" என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

"உழவு" மட்டும் வேண்டாம். கலப்பை புரட்டும், புரட்டினால் அடியில் கிடக்கும் அமிலப் பாறை மேலே வந்துவிடும். இங்கே புல்டோசரின் பின்கொக்கி புரட்டாமல் பிளக்கிறது. "ஆழக்கீறல்" என்போம். நிலம் காய்ந்திருக்கும்போதே கீற வேண்டும் என்பதை விளக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஈரக் களியில் கொக்கி வெண்ணெயில் கத்திபோல் போய்வரும். இருபக்கமும் வழவழவென்று பூசிய ஒரு பிளவுதான் மிஞ்சும், வேர் அதற்குள் நுழையாது. கீறியபின் கனரக வண்டி அதன்மேல் ஏறக்கூடாது.

மேல்மண் குவியலுக்குத் தனிச்சொல்லாக "சேமக்குவை" இடலாம். மேல்மண்ணையும் அகழ்பொருள்போல் உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர்கள் சாகும் என்பதால், "அகழ்குவை"யோடு அது குழம்பவே கூடாது.