எல்பாரில் புது விலான் சேர்த்தேன், உள்ளே ஓடுகிறது, வெளியே போகவில்லை

கேள்வி:
வணக்கம். ஐபிஎம் பவர் சர்வர் ஒன்று, இரண்டு விஐஓஎஸ் (மற்றவற்றுக்கு நெட்வொர்க்கையும் டிஸ்க்கையும் பகிர்ந்து கொடுக்கும் சிறப்புப் பார்ட்டிஷன்), மீதி எல்லாம் ஏஐஎக்ஸ், லினக்ஸ் பார்ட்டிஷன்கள் (எல்பார்கள், ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி சர்வர்கள்). இதுவரை விலான் (ஒரே வலையைப் பிரித்து எண் கொடுத்த பகுதி) 10, 20 மட்டும் போதுமாக இருந்தது, இப்போது 30 கேட்கிறார்கள். எச்எம்சியில் (இந்த சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோல்) எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, சிஎச்எச்டபிள்யூரெஸ் கமாண்டால் இரண்டு லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்கும் பிவிஐடி (அடாப்டரின் அடிப்படை விலான் எண்) 30 வைத்து விர்ச்சுவல் அடாப்டர் சேர்த்து ஐபியும் கொடுத்தாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று பிங் செய்கின்றன, கேட்வேக்கு மட்டும் பதிலே இல்லை. ஸ்விட்ச் போர்ட்டில் 30 திறந்திருக்கிறது என்று நெட்வொர்க் குழு உறுதியாகச் சொல்கிறது. இன்னொரு விஷயம், முன்பு இதே மாதிரி சேர்த்த ஒரு அடாப்டர், பார்ட்டிஷனை அணைத்துவிட்டு மறுபடி ஆக்டிவேட் செய்ததும் காணாமல் போனது. இதே மாதிரி சர்வர்கள் இன்னும் நிறைய இருப்பதால் ஒவ்வொரு திரையாகக் கிளிக் செய்வது நடக்காது, ஸ்கிரிப்டில் போடுகிற மாதிரி வழி சொல்லுங்கள்.

பதில் 1:
உள்ளே பிங் போவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே சர்வரில், ஒரே விலானில் இருக்கும் இரண்டு பார்ட்டிஷன்களும் ஹைப்பர்வைசருக்குள் (பார்ட்டிஷன்களை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கிற விர்ச்சுவல் ஸ்விட்ச் வழியாகவே பேசிக்கொள்ளும், அந்தப் பாக்கெட் விஐஓஎஸ் பக்கமே வராது. வெளியே போக வேண்டுமென்றால் விஐஓஎஸ்ஸில் உள்ள எஸ்இஏ (விர்ச்சுவல் வலையை நிஜ கார்டோடு இணைக்கும் பகிர்வு அடாப்டர்) அதை எடுத்து நிஜ கார்டில் விட வேண்டும், அதற்கு எஸ்இஏவின் கீழே இருக்கும் ட்ரங்க் அடாப்டருக்கு (விலான்களை எஸ்இஏவிடம் கொண்டுவரும் விர்ச்சுவல் அடாப்டர்) 30 தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் குறை இருக்கும்.

எச்எம்சியிலேயே பார்த்துவிடலாம். இருக்கும் அமைப்பைக் காட்டும் எல்எஸ்எச்டபிள்யூரெஸ் கமாண்டை விர்ச்சுவல்ஐஓ, ஈத் என்ற வகைகளோடு, எல்பார் அளவில் ஓட்டுங்கள், எஃப் ஆப்ஷனில் பார்ட்டிஷன் பெயர், ஸ்லாட் எண், பிவிஐடி, கூடுதல் விலான்கள், ட்ரங்க்கா இல்லையா, ட்ரங்க் பிரையாரிட்டி, விஸ்விட்ச் (விர்ச்சுவல் ஸ்விட்ச்) ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். எஃப் இல்லாமல் ஓட்டினால் ஒரே வரியில் எல்லாம் கொட்டும், கண் வலிக்கும். விஐஓஎஸ் வரிசைகளில் 30 இருக்கிறதா என்று பாருங்கள், அப்படியே விஸ்விட்ச் பெயரும் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் வேறாக இருந்தால் விலான் எண் ஒன்றாக இருந்தும் பயனில்லை.

கேட்டவர்:
நன்றி. விஸ்விட்ச் எல்லாம் ஒன்றுதான், ஈதர்நெட்0. ஆனால் இரண்டு விஐஓஎஸ்ஸிலும் ட்ரங்க்கில் பிவிஐடி 10, கூடுதலாக 20 மட்டும்தான். அந்த அடாப்டரிலேயே 30ஐச் சேர்க்கலாமா, தனியாக ஒன்று வேண்டுமா? 10, 20இல் இப்போது வேலை ஓடுகிறது, அது அறுந்துவிடக் கூடாது.

பதில் 2:
ஃபர்ம்வேரும் எச்எம்சியும் புதியதாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் அடாப்டரிலேயே கூடுதல் விலானைச் சேர்க்க முடியும். பழைய சர்வரில் முடியாது, புது ட்ரங்க் அடாப்டர்தான் வழி. உங்களிடம் பல சர்வர்கள் இருப்பதால் எல்லாவற்றிலும் செல்லுபடியாகிற இரண்டாவது வழியையே ஸ்கிரிப்டில் வைப்பேன். ஒரு அடாப்டரில் பிவிஐடி தவிர 20 விலான்கள் வரை வைக்கலாம், ஒரு எஸ்இஏவின் கீழ் 16 ட்ரங்க் அடாப்டர்கள் வரை போடலாம், அதனால் இடம் தாராளம்.

புது ட்ரங்க்குக்குப் பிவிஐடியாக யாருமே பயன்படுத்தாத ஒரு எண்ணைக் கொடுங்கள், 30ஐக் கூடுதல் பட்டியலில் வையுங்கள். 30ஐயே பிவிஐடியாக வைத்தால் விஐஓஎஸ்ஸுக்கு வரும்போது டேக் (பாக்கெட்டில் உள்ள விலான் எண் அடையாளம்) கழன்றுவிடும், டேக் இல்லாத பாக்கெட்டை வெளி ஸ்விட்ச் தன் நேட்டிவ் விலானில் (டேக் இல்லாதவற்றுக்கு ஒதுக்கியது) தள்ளிவிடும்.

பிரையாரிட்டியில் (எந்த விஐஓஎஸ் முதலில் சுமக்கும் என்ற எண்) மிகவும் கவனம் தேவை. ஒரு விஐஓஎஸ்ஸில் 1, இன்னொன்றில் 2, அதோடு ஒரே எஸ்இஏவின் கீழ் உள்ள ட்ரங்க்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே பிரையாரிட்டி. விஐஓஎஸ்ஸில் சிஎஃப்ஜிடெவ் ஓட்டினால் புது அடாப்டர் தெரியும். பிறகு எஸ்இஏமேல் சிஎச்டெவ் (அமைப்பை மாற்றும் கமாண்ட்), அதில் விர்ட் அடாப்டர்ஸ் பட்டியலில் பழையது, புதியது இரண்டையும் எழுதுங்கள். அந்தக் கமாண்ட் பட்டியலோடு சேர்க்காது, பட்டியலையே மாற்றிவிடும்! புதியதை மட்டும் எழுதினால் 10உம் 20உம் அதோடு போச்சு.

முதலில் பேக்கப்பாக இருக்கும் விஐஓஎஸ்ஸில் செய்யுங்கள். எது பேக்கப் என்பதை என்ட்ஸ்டாட்டை (அடாப்டரின் நிலையைக் காட்டும் கமாண்ட்) ஆல் ஆப்ஷனோடு எஸ்இஏமேல் ஓட்டி ஸ்டேட் வரியில் பாருங்கள். அப்படியே எச்ஏ மோட் (ஒரு விஐஓஎஸ் விழுந்தால் இன்னொன்று ஏற்கும் முறை) ஆட்டோவா ஷேரிங்கா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இரண்டு எஸ்இஏக்கள் ஒரே விலானை வெளியே இணைத்தால் லூப் உருவாகும், வெளி ஸ்விட்ச் போர்ட்டையே மூடிவிடலாம். அப்போது அந்த சர்வர் மொத்தமும் வலையிலிருந்து விழும். பழைய சர்வர்களை யார் அமைத்தார்கள் என்று தெரியாத இடங்களில் இதைச் சோதிக்காமல் ஒரு கமாண்டும் ஓட்டாதீர்கள்.

பதில் 1:
ஸ்கிரிப்ட் என்பதால் ஒன்று: கூடுதல் விலான் ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் கமா வரும், எச்எம்சி அதை அடுத்த விவரத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும். அந்தத் துண்டை மட்டும் உள்மேற்கோளில் பின்சாய்வோடு போட வேண்டும். விஐஓஎஸ்ஸுக்குத் தனியாக லாகின் செய்யவும் வேண்டாம், எச்எம்சியிலிருந்தே விஐஓஎஸ்விஆர்சிஎம்டி மூலம் அங்கே ஓட்டலாம். ஆனால் ஆர்எம்சி (எச்எம்சி பார்ட்டிஷன்களோடு பேசும் வழி) இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும், நடுவில் ஃபயர்வால் இருந்தால் 657ஆம் போர்ட் திறந்திருக்கட்டும்.

பதில் 3:
காணாமல் போன அடாப்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓடும்போது சேர்ப்பது ஓடும் நிலையில் மட்டும்தான் இருக்கும், ப்ரொஃபைலில் (ஆக்டிவேட் செய்யும்போது படிக்கப்படும் சேமித்த அமைப்பு) தானாக எழுதப்படாது. உள்ளிருந்து ரீபூட் செய்தால் ஒன்றும் ஆகாது, அணைத்துவிட்டுப் பழைய ப்ரொஃபைலைச் சொல்லி ஆக்டிவேட் செய்யும்போதுதான் போய்விடும். எம்கேசிஸ்சிஎஃப்ஜியில் ப்ரொஃப் வகையில் சேவ் செய்யுங்கள், அல்லது சிஎச்சிஸ்சிஎஃப்ஜியில் சிங்க் கரண்ட் ப்ரொஃபைல் மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள், அதன்பின் ஓடும்போது செய்யும் மாற்றங்கள் தானே ப்ரொஃபைலுக்குப் போகும். விஐஓஎஸ் இரண்டுக்கும் இதைச் செய்ய மறக்காதீர்கள், அங்கே ட்ரங்க் காணாமல் போனால் 30இல் இருக்கும் அத்தனை பார்ட்டிஷனும் துண்டிக்கப்படும்.

கேட்டவர்:
இரண்டு விஐஓஎஸ்ஸிலும் பேக்கப்பிலிருந்து தொடங்கி முடித்துவிட்டேன், கேட்வே பதில் தருகிறது, 10, 20இல் ஒரு துண்டிப்பும் இல்லை. சிங்க்கும் 1 ஆக்கியாயிற்று. மற்ற சர்வர்களில் ஏற்கனவே ப்ரொஃபைலும் ஓடும் நிலையும் விலகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 3:
எல்எஸ்சிஸ்சிஎஃப்ஜியில் ப்ரொஃப் வகையைக் கொடுத்து விர்ச்சுவல் ஈத் அடாப்டர்ஸ் புலத்தை மட்டும் எடுங்கள், எல்எஸ்எச்டபிள்யூரெஸ் தருவதை இன்னொரு கோப்பில் எடுங்கள். இரண்டின் வடிவமும் வேறு, ப்ரொஃபைலில் சாய்கோடு வைத்துப் பிரித்திருக்கும், அதனால் ஸ்லாட் எண், பிவிஐடி, கூடுதல் விலான் மூன்றையும் தனியாகப் பிரித்தெடுத்து டிஃப் போடுங்கள். விலகல் தெரிந்தால் அந்தப் பார்ட்டிஷனை யாரும் அணைப்பதற்குள் சேவ் செய்துவிடுங்கள்.