மார்பு மறுசீரமைப்பின்போது நரம்பையும் இணைத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் தோழிகளே. என் அக்காவுக்கு 46 வயது. போன வருடம் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வைத்து மார்பை அமைக்கும் 'டீப் ஃபிளாப்' அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறாள்.

இதில் வயிற்றுத் தசையை எடுப்பதில்லை. எடுக்கும் திசுவின் ரத்தக் குழாயை மார்பெலும்பின் ஓரத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். சரி, உணர்வு? முதலில் பார்த்த மருத்துவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போன மாதம் அக்கா வெந்நீர்ப் பையை நெஞ்சில் வைத்தபடி தூங்கிவிட்டாள். தோல் கொப்பளித்தது, அவளுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குப் பயந்துபோனோம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து வரும் உணர்வு நரம்பை, வயிற்றுத் திசுவோடு எடுத்த நரம்புடன் இணைக்கலாமாம். நீளம் போதாவிட்டால் தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய நரம்புத் துண்டை இடையில் வைப்பார்கள். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. அளவே வளரும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பழையபடி முழு உணர்வும் வரும் என்று உறுதியும் இல்லை. "சூடு தெரிந்தால் போதும், என் பேத்தி சாய்ந்துகொள்வது தெரிந்தால் போதும்" என்கிறாள்.

சென்னை, கோவை, வேலூர் பக்கம் இப்படி நரம்பை இணைத்துக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எத்தனை மாதத்தில் என்ன தெரிய ஆரம்பித்தது? கதிர்வீச்சு வாங்கிய இடத்திலும் பலன் இருந்ததா? இதற்கான செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டதா? பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம்.