தோலில் தெரிந்த குண்டு: பெரிய மிருக வேட்டைத் தோட்டாக்கள் பற்றிச் சில அனுபவங்கள்

ஆம்பூரிலிருந்து:

வாணியம்பாடித் தம்பி கேட்டிருந்த கேள்விக்கு இது பதில். ஜிம்பாப்வேயில் ஒரு சஃபாரி முகாமில் அவருக்கு ஸ்டோர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் எந்நேரமும் தோட்டாவைப் பற்றியே பேசுகிறார்களாம். .375 போதுமா, .458 வேண்டுமா, எது நல்லது என்று கேட்டிருந்தார். இந்த எண்கள் குண்டின் குறுக்களவு, அங்குலத்தில். நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை. அதே நாட்டில் புலவாயோ நகரில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பல வருடம் வேலை பார்த்தவன். எருமை, யானை, நீர்யானை என்று வேட்டைத் தோல்கள் உப்புப் போட்டு எங்களிடம் வரும். குண்டு போன வழியைச் சுட்டவர் ஒரு நொடி பார்க்கிறார். தோலைச் சுத்தம் செய்கிறவன் அதை மேசையில் விரித்து, நிதானமாகப் பார்க்கிறான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அளவு விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். ஜிம்பாப்வே சட்டப்படி யானை, எருமை, நீர்யானை மூன்றுக்கும் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் குறுக்களவும் 5,300 ஜூல் ஆற்றலும் உள்ள தோட்டா வேண்டும். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இல் வந்தது. 19 கிராமுக்குச் சற்று அதிகமான குண்டை நொடிக்கு 770 மீட்டர் அளவில் தள்ளும். அந்தச் சட்ட வரம்பை அது தாண்டிவிடுகிறது. .416 ரிக்பி 1911இல் வந்தது, குண்டு 26 கிராம். .458 வின்செஸ்டர் மேக்னம் 1956இல் வந்தது, குண்டு 32 கிராம். இந்த மூன்றில் எதை வைத்தும் எருமையைச் சாய்க்கிறார்கள். முகாமில் நடக்கிற வாதம் பெரும்பாலும் இந்த எண்களைப் பற்றித்தான் இருக்கும். நான் அதற்கு முன்னால் கேட்கச் சொல்வது வேறு. அந்தத் தோட்டாவின் நுனியில் இருக்கிற குண்டு எப்படிச் செய்யப்பட்டது?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பிளெஷிங் மெஷின். தோலின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சுழலும் கத்திகள் வழித்தெடுக்கும். அதில் ஒரு சின்ன உலோகத் துண்டு மாட்டினால் போதும், கத்தி பல் விழுந்துவிடும், அப்புறம் வருகிற ஒவ்வொரு தோலிலும் கோடு விழும். அதனால் வேட்டைத் தோல் வந்தால் மெஷினுக்குப் போகும் முன் கையால் தடவிப் பார்ப்போம். அப்படித் தடவும்போதுதான் எல்லாம் கைக்கு வரும். சில தோல்களில் ஒரு பக்கம் நுழைந்த ஓட்டை, மறுபக்கம் கிட்டத்தட்ட அதே அளவில் வெளியேறிய ஓட்டை, நடுவில் ஒன்றும் இருக்காது. அது சாலிட், விரியாமல் உடையாமல் துளைத்துப் போகிற குண்டு. சிலவற்றில் எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில், முனை குடைக்காளான் போல விரிந்து, அடிப்பாகம் முழுசாக ஒரு குண்டு சிக்கியிருக்கும். எருமைத் தோல் இழுபடுகிற தன்மை உடையது. மார்பு முழுவதையும் கடந்து வந்த குண்டைக்கூட அந்தத் தோல் கடைசியில் பிடித்து நிறுத்திவிடும். அது நன்றாகச் செய்த சாஃப்ட், பட்டதும் முனை விரிகிற குண்டு. மூன்றாவது வகைதான் எங்கள் கத்தியைக் கெடுத்தது. நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செம்பு உறைத் துண்டுகள், ஈயத் தூள், அவ்வளவுதான். வேகமான, லேசான, மெல்லிய உறை போட்ட குண்டு தோள் எலும்பில் பட்டு உடைந்துபோனதன் அடையாளம் அது. அந்தத் தோல்களில், பிறகு மறுபடி மறுபடி சுட்டதால் விழுந்த ஓட்டைகள் நிறைய இருக்கும். ஒரு மிருகம் எவ்வளவு நேரம் வலியோடு நின்றது என்று அதைப் பார்த்தாலே தெரியும். பார்க்கப் பிடிக்காது.

நோஸ்லர் பார்ட்டிஷன் என்ற குண்டு வந்த கதையும் தோலில் தொடங்கியதுதான். 1946இல் கனடாவில் ஜான் நோஸ்லர் என்பவர் மூஸ் என்ற பெரிய மானைச் சுட்டார். அதன் தோலில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. குண்டுகள் மேலேயே உடைந்து உள்ளே போகவில்லை. அதன் பிறகு அவர் குண்டின் நடுவில் உலோகத் தடுப்பு ஒன்று வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே உள்ளே போகும். ஆப்பிரிக்க எருமையும் சேற்றில் புரள்கிற மிருகம். எங்களுக்கு வந்த தோல்களில் கழுத்திலும் தோளிலும் சேறு கல்லாகக் கெட்டியாகியிருக்கும், ஊற வைத்தாலும் சுலபத்தில் விடாது. அதற்குள் புகுந்து, தடித்த தோலைத் தாண்டி, நெருக்கமாக நிற்கிற அகல விலா எலும்புகளையும் தாண்டித்தான் குண்டு இதயத்தைத் தொடவேண்டும்.

ஒரு முறை முகாமுக்கே போனேன். உரித்தவர்கள் உப்பைக் கஞ்சத்தனமாகப் போட்டதால் தோல்கள் மயிர் கழன்று வந்துகொண்டிருந்தன, சரியாகப் போடக் கற்றுக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். விருந்தாளியாக வந்திருந்த வேட்டைக்காரரிடம் நல்ல .375 இருந்தது. தோட்டாவில் மட்டும் மான் வேட்டைக்கு ஏற்ற லேசான குண்டு. அங்கிருந்த தொழில்முறை வேட்டைக்காரர் முந்தின நாள் மாலை தன் பெட்டியிலிருந்து கனமான குண்டு போட்டதை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். மறுநாள் துப்பாக்கியில் ஏற்றியது தன்னுடையதைத்தான். எங்கள் வண்டி தூரத்தில் நின்றது. ஒரு வெடி கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புதருக்குள் போனார்கள். தொழில்முறை வேட்டைக்காரர் கையில் .470 இரட்டைக்குழல், இரண்டிலும் சாலிட். எருமை, தான் வந்த தடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்ததாம். சில அடி தூரத்தில்தான் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்று மாலை அந்தத் தோலை நானே விரித்தேன். முதல் குண்டு தோள் மூட்டுக்கு மேலே சதையிலேயே சிதறியிருந்தது. சாலிட் நெற்றிப்பக்கம் நுழைந்து கழுத்தைக் கடந்திருந்தது.

அதனால் தம்பி, அங்கே பலரும் கடைப்பிடிக்கிற முறை இது. எருமைக்கு முதல் தோட்டா, உடையாமல் விரிகிற கனமான சாஃப்ட். மந்தையில் நிற்கிற எருமையைச் சாலிடால் சுட்டால் அது துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும், அதனால்தான். அடுத்தடுத்துச் சுடுவது எல்லாம் சாலிட். யானைக்கும் நீர்யானைக்கும் முதலிலிருந்தே சாலிட். யானையின் மூளைக்கு முன்னால் காற்றறைகள் நிறைந்த பெரிய எலும்புப் பகுதி இருக்கிறது, விரிகிற குண்டு அதில் திசைமாறி நின்றுவிடும். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் தோல் மெல்லியது, அங்கே சாஃப்ட்தான் சரி. சாலிடிலும் உருண்டை முனையைவிடத் தட்டை முனை நேராகப் போகும் என்பது இப்போது பலரும் ஒப்புக்கொள்கிற விஷயம்.

கம்மவான்பேட்டைப் பக்கத்திலிருந்து:

ஆம்பூர் பாய் எழுதியதில் ஒரு இடத்தில் நம் ஊர்ப் பையன்கள் குழம்புவார்கள் என்பதால் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர். லீவில் வந்தால் டீக்கடையில் கேட்பார்கள், "உங்க துப்பாக்கிலே யானை விழுமா?" என்று. உறை மூடிய ராணுவக் குண்டும் பாய் சொல்கிற சாலிடும் ஒன்று என்று நினைப்பு. இரண்டும் வேறு.

போரில் விரிகிற குண்டு கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் சொல்கிறது. அந்தப் பிரச்சினை கிளம்பியதே நம் நாட்டில், கல்கத்தா பக்கம் டம்டம் ஆலையில் செய்த குண்டால்தான். அதனால் ராணுவக் குண்டு முழு உறையோடு வருகிறது. ஆனால் உறை மெல்லியது, உள்ளே ஈயம், முனை கூர்மை. உடம்புக்குள் போனால் புரண்டுவிடும், நேர்கோட்டில் போகாது. 7.62 மில்லிமீட்டர் ராணுவ ரைபிளின் குண்டு 9 கிராம் சொச்சம், ஆற்றல் 3,300 ஜூல் அளவு. 5.56இல் குண்டே 4 கிராம்தான். யானை சாலிடில் உறை தடித்த எஃகாக இருக்கும், அல்லது குண்டு முழுவதுமே பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கும். முனை மழுங்கியது, எலும்பை உடைத்துக்கொண்டு நேராகப் போவதற்காகவே செய்தது.

வடக்கு வங்காளத்தில் பின்னாகுரியில் இருந்தபோது யானை முகாமுக்குள் வருவது சாதாரணம். ஆட்டா மூட்டை வாசனைக்கு ஸ்டோர் சுவரை இடிக்கும். காவலில் நின்றவர் கையில் ரைபிள் இருக்கும், ஆனால் யானைமேல் சுடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ஒரு ராத்திரி தந்தமுள்ள ஆண் யானை ஒன்று எனக்கு மிக அருகில் சமையல்கூட மூலையில் திரும்பியது. நான் ஜெனரேட்டர் அறைக்குள் ஒதுங்கிவிட்டேன். தோழர்கள் வண்டி விளக்குகளைப் போட்டு, தகரம் தட்டி, மெதுவாக வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்று பயந்துபோய் யாராவது சுட்டிருந்தால் யானை விழுந்திருக்காது, எங்களில் சிலர் விழுந்திருப்போம்.

பேரணாம்பட்டிலிருந்து:

எங்களுக்கு இது தினசரிச் சங்கதி. ஆந்திரா கௌண்டின்யா காட்டிலிருந்து மோர்தானா வழியாகவும் எங்கள் பக்க மலையோரமாகவும் யானைகள் வரும். மாங்காய், வாழை, கேழ்வரகு எது கிடைத்தாலும் சரி. எங்கள் நைனா காலத்தில் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. கருமருந்து இடித்து, ஈய ரவை போட்டு, பன்றியை விரட்டச் சுடுவார்கள். அதே பழக்கத்தில் யானைமேலும் போட்டுவிட்டால் ரவை தோலோடு நின்றுவிடும், புண் வைத்துச் சீழ் பிடிக்கும். அடிபட்ட யானை அப்புறம் மனிதனைக் கண்டால் ஒதுங்காது. நேராக வரும். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் தோட்டா தேர்ந்தெடுக்கிற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. போன பருவத்தில் எங்கள் வாழையை மிதித்துப் போட்டபோது நஷ்டம் கொஞ்சமில்லை. பட்டாசு, பறை, டார்ச் விளக்கு, வனத்துறைக்கு போன், இவ்வளவுதான் செய்தோம். ஆம்பூர் பாய் சொன்ன உடைந்த குண்டு விஷயத்தைப் படித்ததும் அந்த ரவை ஞாபகம்தான் வந்தது. காயப்படுத்தி அனுப்புவதைவிட விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

மறுபடி ஆம்பூரிலிருந்து:

பேரணாம்பட்டுக்காரர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஜிம்பாப்வேயில் சட்டமே குறைந்தபட்ச அளவு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

தம்பி தனியாக இன்னொன்று கேட்டிருந்தார். வால்டர் பெல் என்ற பழைய கால யானை வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் ரைபிளிலேயே நூற்றுக்கணக்கில் யானை சுட்டாராமே, அப்புறம் எதற்கு இந்தப் பெரிய அளவெல்லாம் என்று. உண்மைதான், அந்த 7 மில்லிமீட்டர்தான் .275 ரிக்பி, அதில் 11 கிராம் குண்டைப் பயன்படுத்தினார். ஆனால் அது முழு உறை போட்ட, நீளமான, உருண்டை முனைக் குண்டு. அவர் யானையின் உடற்கூறை அறுத்துப் பார்த்துப் படித்தவர், குறி தவறாதவர், சூழ்நிலை சரியில்லாவிட்டால் சுடாமல் விட்டுவிட அவருக்கு நேரம் இருந்தது. பத்து நாள் பணம் கட்டி வருகிறவருக்கு இந்த மூன்றும் இருக்காது. பெல்லின் கதையிலும் ஜெயித்தது குண்டின் அமைப்புதான், அதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெயில். நம் வேலூர் வெயிலில் வளர்ந்தவருக்குச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் தோட்டாவுக்கும் வெயில் ஆகாது. உள்ளே இருக்கும் வெடிமருந்து சூடானால் அழுத்தம் ஏறும், அந்த மருந்தை அடைத்திருக்கும் தோட்டா ஓடு குழலில் இறுகிக்கொள்ளும், எருமை வரும் நேரத்தில் கழற்ற முடியாது. கார்டைட் என்ற பழைய வெடிமருந்தின் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிகள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்றே மருந்தைக் குறைத்து வெப்பநாட்டுத் தோட்டா செய்ததும் இதனால்தான். .458 வின்செஸ்டருக்கு வேறு குறை இருந்தது. ஓடு சிறியது, மருந்தை அமுக்கி அடைத்தார்கள். நாளாக ஆக அது கட்டிப்பிடித்து, சரியாக எரியாமல், குண்டு வேகம் குறைந்துபோனது. எருமையிடம் அடிபட்டிருந்த ஜாக் லாட், 1971இல் தோட்டா ஓட்டின் நீளத்தைக் கூட்டி .458 லாட் என்ற தோட்டாவைச் செய்தார். இப்போதைய மருந்தில் அந்தக் குறை வெகுவாகத் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் பழைய பெட்டி கண்ணில் பட்டால் கேள்வி கேளுங்கள்.

உங்கள் வேலை ஸ்டோர் என்பதால் உங்களால் செய்யமுடிகிறது நிறைய இருக்கிறது. சாஃப்டையும் சாலிடையும் ஒரே பெட்டியில் போட விடாதீர்கள். வண்டியின் கண்ணாடிக்கு அடியில் யாராவது தோட்டா வைத்தால் எடுத்து நிழலில் வையுங்கள். வேட்டைக்குப் போகும் முந்தின நாள், ஒவ்வொரு தோட்டாவும் துப்பாக்கியில் ஏறி இறங்குகிறதா என்று பாதுகாப்பான இடத்தில் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பெரிய துப்பாக்கியின் உதைப்பில் மேகசினில் மிச்சமிருக்கிற தோட்டாக்களின் குண்டு ஓட்டுக்குள் அழுந்திவிடுவது உண்டு, சுட்டு வந்த பிறகு மிச்சத்தையும் எடுத்துப் பார்க்கவேண்டும். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண்ணையும், எந்த மிருகத்துக்கு எது போனது, உரிக்கும்போது குண்டு எந்த நிலையில் கிடைத்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை உரிக்கிறவர்களிடம்தான் கேட்கவேண்டும், வேட்டைக்காரர் கவனித்திருக்க மாட்டார். அப்படியே உப்பும் தாராளமாகக் கொடுங்கள்.